தண்ணீர்ப் பாம்புக்கு நான் வார்த்த பால்

முதலில் பால் வார்த்தவன் நான்தான். இதை இப்போதே சொல்லிவிட்டால் மிச்சத்தை எழுதக் கை கூசாது. பிரான்சில் எங்கள் சனம் கடை வைத்திருக்கிற இந்த லா சப்பலில் இன்றைக்கும் சிலர் அதைப் பூசைச் சாமான் கடை அக்காவின் வேலை என்றுதான் நினைக்கிறார்கள். அவ அதற்குப் பிறகு. ஆரம்பம் நான், ஒரு அரை லீற்றர் போத்தல், வெள்ளிக்கிழமை காலை ஒன்பதேகால்.

நான் எட்டாம் வகுப்புவரை படித்தவன். வேலை நெத்துவாயாஜ், அதாவது கந்தோர்க் கட்டடங்களைத் துப்புரவாக்குவது. விடிய ஐந்துக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடியும். முடிந்ததும் லா சப்பல் பிள்ளையாரிடம் போய்த் தோப்புக்கரணம் போட்டு, திருநீறு பூசிக்கொண்டு, அதன் பிறகுதான் வீடு இருக்கிற செவ்ரானுக்கு ரயில். மழையோ பனியோ, கோயில் வாசலைத் தாண்டாமல் நான் ரயில் ஏறியது கிடையாது.

அந்த ஆனி மாதம் எனக்குப் பிள்ளையாரிடம் சொல்ல ஒரே விஷயம்தான் இருந்தது. மகளின் பெர்மி. கார் ஓட்டும் அனுமதிப்பத்திரம். மூன்று தரம் தவறிவிட்டாள். முதல் தரம் சிவப்பு விளக்கு. இரண்டாம் தரம் ஒரு சைக்கிள்காரன். மூன்றாம் தரம் சோதிக்க வந்த மனுசனே, "நிப்பாட்டும் பிள்ளை, நான் இறங்கி நடந்து போறன்" என்றாராம். நாலாம் தரம் வருகிற திங்கட்கிழமை. பிள்ளையாருக்கு இதையே மூன்று தரமும் சொல்லியாயிற்று. அவருக்கும் அலுத்திருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிற வழியில், பாலத்தின்மேல் ஓடுகிற ஆகாய மெத்ரோவுக்குச் சற்றுத் தள்ளி இருக்கிற தெரு முடக்கில், ஒரு மாற்றம் கண்டேன். தாரைக் கிண்டி எடுத்து, பள்ளமாக்கி, கூழாங்கல்லும் மணலும் போட்டு, கோரைபோல ஏதோ நட்டிருந்தார்கள். அதைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குச் சீமெந்தில் ஒரு நீளமான வரம்பு வளைந்து வளைந்து போனது. வரம்பின் முடிவில் தெருவோரமாக ஒரு தலை. வாய் திறந்தபடி. இரண்டு பக்கமும் விரிந்த படம். பக்கத்திலே ஒரு மரம், இலை அப்படியே வேப்பிலை.

நான் செருப்பைக் கழற்றிவிட்டேன்.

சுற்றிவரப் பிளாஸ்ரிக் வலை கட்டியிருந்தது, உண்மை. வலையில் ஒரு பலகை தொங்கியது, அதுவும் உண்மை. ஆனால் பிரெஞ்சில் நாலு வரிக்கு மேல் இருந்தால் அது எனக்கு வாசிக்கிற பொருள் அல்ல, வீட்டுக்குக் கொண்டுபோய் மகளிடம் கொடுக்கிற பொருள். பலகையை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதே. வலையில் ஒரு இடைவெளி இருந்தது. பையில் வீட்டுக்கு வாங்கிய பால் இருந்தது.

"நாகதம்பிரானே, இஞ்சை வந்து இருக்கிறியள் எண்டு எனக்குத் தெரியாமல் போச்சு. திங்கட்கிழமை என்ரை பிள்ளைக்கு ஒரு வழி காட்டுங்கோ" என்று சொல்லிப் போத்தலைத் தலையில் கவிழ்த்தேன். பால் தலையால் வழிந்து வாய்க்குள் போய் மறைந்தது. ஒரு சொட்டு வெளியே இல்லை. எனக்கு மயிர் கூச்செறிந்தது. சட்டைப்பையில் கிடந்த கோயில் மஞ்சளையும் குங்குமத்தையும் பாம்பின் நெற்றியில் அப்பிவிட்டு, திரும்பிப் பாராமல் பிள்ளையாரிடம் போய்க் கும்பிட்டுவிட்டு ரயிலுக்கு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை மகள் சோதனையில் சித்தியடைந்துவிட்டாள்.

இதற்கு மேல் நான் என்ன செய்வது? செவ்வாய்க்கிழமை கற்பூரம் வாங்கப் போன இடத்தில், பூசைச் சாமான் கடை அக்காவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அக்காவின் கடை அந்த முடக்கிலிருந்து ஆறாவது வாசல். அவவுக்குச் சொன்னால் ரேடியோவுக்குச் சொன்ன மாதிரி.

"பால் குடிச்சதோ அண்ணை?"

"ஒரு சொட்டு மிச்சமில்லை."

"அண்ணை, நாலாம் தரம் பெர்மி எடுக்கிறது லேசான விஷயமில்லை. இது சும்மா பாம்பு இல்லை."

அடுத்த வெள்ளிக்கிழமை நேர்த்திக்கடன் தீர்க்க மனைவியைக் கூட்டிக்கொண்டு போனேன். முடக்கில் வரிசை நின்றது. ஒபர்வில்லியேயில் இருந்து ஒரு குடும்பம், ஆர்ஜொந்தெய்யில் இருந்து அக்கா தங்கை மூன்று பேர், புதுச்சேரிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், கையில் தேங்காயோடு. மடு மாதா படத்தைக் கைப்பையில் வைத்திருந்த ஒரு அம்மா, "நான் வேதக்காரி, சும்மா பாக்கத்தான் வந்தனான்" என்று சொல்லிக்கொண்டு ஒரு முட்டையை உள்ளே உருட்டிவிட்டா. நாகத்தின் கழுத்தில் பதினொரு மாலை. முகம் முழுக்க மஞ்சள். வாய்க்குள் பொங்கல், வாழைப்பழம், முட்டை. அக்காவின் கடையில் 'நாகர் தட்டு' என்று தனியாகக் கட்டி வைத்திருந்தா. பாலும் முட்டையும் அதற்குள் அடக்கம்.

மனைவி வரிசையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ. நீங்கள் ஊத்தினது எந்தப் பால்?"

"வீட்டை வாங்கின பால்தான்."

"சிவப்பு மூடியோ, பச்சை மூடியோ?"

"பச்சை."

"அது கொழுப்பெடுத்த பால். எனக்குக் கொலஸ்ட்ரோல் எண்டு டொக்ரர் சொன்னதுக்கு நீங்கள் நாகதம்பிரானையும் பத்தியத்திலை விட்டிட்டியளோ?"

அவள் அன்றைக்கு முழுக் கொழுப்புப் பால் ஒரு லீற்றர் வார்த்தாள்.

திங்கட்கிழமை பெருமழை. வேலையும் கோயிலும் முடிந்து நான் அந்த முடக்கைத் தாண்டினபோது தண்ணீர் தெருவோரம் ஆறாக ஓடியது. பாம்பின் வாய்க்குப் போய், முட்டி, திரும்பி, கீழ்நோக்கிப் பாய்ந்து, நேரே அக்காவின் கடை வாசலுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. அக்கா ஊதுபத்திப் பெட்டிகளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "நாகம் கோவிச்சிட்டுது, நாகம் கோவிச்சிட்டுது" என்று கத்தினா.

பாம்பின் முன்னால் ஒரு பெட்டை முழங்காலில் இருந்தாள். வயது இருபது இருக்கும். கறுத்த நேர்க்கூந்தல், எங்கள் நிறம், நனைந்த மழைச்சட்டை. பின்னால் அவளைப் போலவே இன்னும் நாலைந்து பேர். ஆரோ எங்கடை பிள்ளையள் துப்புரவாக்க வந்திருக்கினம் என்று நினைத்து, "எந்த ஊர் பிள்ளையள்?" என்று தமிழில் கேட்டேன். ஒருவருக்கும் விளங்கவில்லை. அவள் பிரெஞ்சில், என்னிலும் நூறு மடங்கு நல்ல பிரெஞ்சில், "மிஸ்யூ, இதை யார் செய்தது என்று தெரியுமா?" என்று கேட்டாள். கையில் ஒரு சூப்புக் கரண்டி. கரண்டியில் ஒரு முட்டை. அருகே தட்டில் ஏற்கெனவே பதினான்கு முட்டை.

அவர்களோடு நின்ற, தோட்டத்துக்குப் பொறுப்பான மனிதர், குடைக்குள் இருந்தபடி சொன்னார். அவர் மெதுவாகக் கதைப்பவர், அதனால் எனக்கும் விளங்கியது. இது மழைத் தோட்டமாம். தெருவில் விழுகிற மழை வீணே சாக்கடைக்குப் போகாமல் இந்தப் பாம்பின் வாயால் புகுந்து, தொண்டைக் குழாயால் இறங்கி, அந்தக் கோரைகளுக்குப் போகவேண்டும். சீமெந்து காயப் பத்துப் பன்னிரண்டு நாள் விட்டுவிட்டு, பிள்ளைகள் வேறு ஊர் பார்க்கப் போயிருந்தார்கள். வந்து பார்த்தால் இப்படி.

பிறகு அவளைப் பார்த்து, "சனிக்கிழமை திறப்பு. அன்றைக்குப் பாம்பு தண்ணீர் குடிக்கவேண்டும். குடிக்காவிட்டால் எனக்கு வேறு வழியில்லை. தலையை எடுத்துவிட்டுச் சாதாரண இரும்புக் கம்பித் தட்டுத்தான் போடவேண்டும்" என்றார்.

அவள் கரண்டியை மறுபடியும் பாம்பின் வாய்க்குள் விட்டாள்.

"தெரியுமா, மிஸ்யூ?"

"நோன்" என்றேன்.

திருநீறு பூசிய நெற்றியோடு, அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேரே நின்று சொன்னேன். மழையில் திருநீறு கரைந்து என் கண்ணுக்குள் போனது. எரிந்தது. எரியட்டும் என்று விட்டேன்.

அன்றைக்கு ரயிலில் செவ்ரானைத் தாண்டி இன்னும் இரண்டு நிலையம் போய்விட்டேன். வீட்டுக்கு வந்து சோற்றுக்கு முன்னால் இருந்து நடந்ததைச் சொன்னேன். மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சோமவார விரதத்திலை பொய் சொன்னனீங்களோ?"

"வெக்கமாப் போச்சு."

"வெக்கம் உங்களுக்கு. தலை போகப்போறது அந்தப் பெட்டையின்ரை பாம்புக்கு."

மகள் கைத்தொலைபேசியில் அந்தப் பலகையின் படத்தைக் கண்டுபிடித்து வாசித்துவிட்டு, சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தப் பிள்ளைகள் பிரெஞ்சுக் கயானாவில் இருந்து வந்தவர்கள். தென்னமெரிக்காவில் இருந்தாலும் பிரான்ஸ் தேசம்தான். அந்த மண்ணின் ஆதிக்குடிகள், ஆற்றங்கரைக் கிராமம். அவர்களுடைய தண்ணீர்ப் பாம்பைத்தான் இங்கே செய்திருக்கிறார்கள். தலை முழுக்க அந்த ஒருத்தியின் கைவேலை. "அப்பா, அது நாகப் படமே இல்லை. தண்ணி சிதறாமல் ரெண்டு பக்கமும் வைச்ச தடுப்பு. வேப்பமரமும் இல்லை. அந்த மரம் இஞ்சை ரயில் பாதை முழுக்க நிக்குது."

"அப்ப உன்ரை பெர்மி?" என்றேன்.

"நான் கார் ஓடிக் காட்டி எடுத்தனான், அப்பா."

அடுத்த நாள் மகளே என்னைக் காரில் கொண்டுபோய் விட்டாள். அந்தப் பயணத்தில் நான் கும்பிட்ட தெய்வங்களை எழுதினால் பக்கம் போதாது. மொழிபெயர்க்கவும் அவள் கூட வந்தாள். ஆனால் முதல் வசனத்தை நானே சொல்லவேண்டும் என்று வழி முழுக்கப் பாடமாக்கியிருந்தேன். அந்தப் பெட்டை, பாம்பின் முன்னால் அதே இடத்தில் இருந்தாள். நான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "நான்தான்" என்றேன்.

"எது நீங்கள்? பாலா, முட்டையா, மஞ்சளா?"

"முதல் பால். அரை லீற்றர்."

மகள் உதவி செய்வதாக நினைத்து, "கொழுப்பெடுத்த பால்" என்று சேர்த்தாள்.

பெட்டை கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். பிறகு, "பாம்பு பால் குடிக்காது, மிஸ்யூ. கொழுப்பு எடுத்தாலும் எடுக்காவிட்டாலும்" என்றாள். பின்னால் நின்ற பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "எங்கள் ஊரில் இதைக் கண்டால் யாரும் கும்பிடமாட்டோம்."

"என்ன செய்வீர்கள்?"

"ஓடுவோம்."

தன் இனத்தின் பெயரை எனக்கு இரண்டு தரம் சொன்னாள். என் நாக்கில் அது சரியாக வரவில்லை. பிழையாக எழுதுவதிலும் எழுதாமல் விடுவது மரியாதை. மற்றவர்கள் ஆளுக்கு ஒரு துண்டு உடம்பு செய்திருக்கிறார்கள், தலை தனக்குக் கிடைத்தது என்றாள். தண்ணீர் குடிக்காத பாம்பைச் செய்துவிட்டு ஊருக்குப் போனால் சின்னப் பிள்ளைகள்கூடக் கேலி செய்வார்கள் என்றாள். அதை அவள் சொன்ன விதத்தில், எனக்கு அந்தச் சின்னப் பிள்ளைகள்மேலேயே கோபம் வந்தது.

"பிள்ளை," என்றேன், மகள் மொழிபெயர்த்தாள், "எனக்குப் படிப்பில்லை. ஆனால் அழுக்கு எடுக்கத் தெரியும்."

இது பெருமையில்லை, என் தொழில். அவள் வினாகிரி கொண்டுவந்து வைத்திருந்தாள். முதல் வேலையாக அதைத் தூர எடுத்துவைத்தேன், அது சீமெந்தைத் தின்னும். எண்ணெய்க்குக் கறுப்புச் சவர்க்காரமும் சுடுதண்ணீரும். குங்குமத்துக்கு அப்பச்சோடாவைக் களியாக்கிப் பூசி, பழைய பல்துலக்கி. மஞ்சளுக்கு வெயில்தான் மருந்து, அதை யாரும் தேய்த்து வெல்ல முடியாது. தொண்டைக் குழாய்க்கு என் வேலையிடத்தில் இருந்து சுருள் கம்பி கொண்டுவந்து விட்டுச் சுழற்றினேன். அடியில் இருந்து மேலும் ஏழு முட்டை, ஒரு வெற்றிலை, அரைத் தேங்காய், மடித்த காகிதம் ஒன்று. காகிதத்தில் யாரோ ஒருவருடைய விசா விண்ணப்ப இலக்கம். அதை மட்டும் கழுவிக் காயவைத்து, பிள்ளையார் காலடியில் கொண்டுபோய் வைத்தேன்.

திறப்புக்கு முந்தின நாலு நாளும் வேலை முடிந்து அங்கேதான். பெட்டை, பாம்பின் மேலுதட்டில் வர்ண ஓடு பதிப்பாள், நான் கீழுதட்டில் தேய்ப்பேன். பேச்சு அதிகமில்லை. மகள் இல்லாத நேரத்தில் என் பிரெஞ்சு "இங்கே", "இன்னும்", "நல்லது" என்ற மூன்று சொல்லுக்குள் முடிந்துவிடும். அவளுக்கும் வேலை நேரத்தில் அதுவே போதுமானதாக இருந்தது.

தேய்ப்பது லேசு. வருகிறவர்களை நிற்பாட்டுவதுதான் பாடு. பெட்டை 'தடை' என்று எழுதி ஒட்டினாள். எங்கள் சனத்துக்கு 'தடை' என்று கண்டால் உள்ளே விசேஷம் இருக்கிறது என்று அர்த்தம். வியாழக்கிழமை ஆர்ஜொந்தெய் சகோதரிகள் மூவரும் பால் போத்தலோடு வந்து நின்றார்கள். நான் பல்துலக்கியைக் கையில் பிடித்தபடி குறுக்கே நின்றேன்.

"அக்காமார், இது எங்கடை நாகதம்பிரான் இல்லை. இந்தப் பிள்ளையளின்ரை தண்ணிப் பாம்பு. நான்தான் முதல் பிழை விட்டனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

மூத்தவ என்னை மேலும் கீழும் பார்த்தா. "உங்கடை பிள்ளைக்குப் பெர்மி கிடைச்ச உடனை இப்ப தெய்வம் இல்லையெண்டு சொல்லுறியளோ?"

"ஐயோ, அப்பிடி இல்லை."

நடுவில் உள்ளவ சொன்னா, "பாம்பு பாம்புதானே அண்ணை. ஆரின்ரை பாம்பா இருந்தால் என்ன?"

என் மனைவிதான் சாப்பாட்டுப் பெட்டியோடு வந்தவள், பின்னால் நின்று சொன்னாள். "சரி அக்கா, கும்பிடுங்கோ. ஆனால் ஒருத்தர் வீட்டை போனால் அவை என்ன குடிப்பினம் எண்டு கேட்டுத்தானே குடுக்கிறனாங்கள்? இது பால் குடியாது. தண்ணிதான் குடிக்கும்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "பச்சைத் தண்ணியோ?" என்றா மூத்தவ.

"பச்சைத் தண்ணி."

"செலவில்லை" என்றா கடைசித் தங்கை.

சனிக்கிழமை வானத்தில் ஒரு பஞ்சு முகில்கூட இல்லை. பாம்பு பச்சையும் கறுப்புமாக மினுங்கியது. கீழுதட்டில் கைவிரல் அகலத்துக்கு ஒரு மஞ்சள் கறை, நாலு நாள் வெயிலுக்கும் போகாமல் அங்கேயே இருந்தது. நான் அதைப் பார்த்துத் தலை குனிந்து நின்றேன். நகரசபையால் வந்த கோட்டுப் போட்டவர்கள் பேசினார்கள், பேசினார்கள், கைதட்டினோம். தோட்டத்துக்குப் பொறுப்பானவர், "இனிப் பாம்பு குடிக்கும்!" என்று அறிவித்துவிட்டு, தெருக் கழுவுகிற தண்ணீரைத் திறந்துவிட இரும்புச் சாவியை எடுத்தார். சாவி பொருந்தவில்லை. திருப்பிப் போட்டார். பொருந்தவில்லை. வேறு தெருவின் சாவியாம். சரியானது வீட்டில் மற்றச் சட்டைக்குள் இருக்கிறதாம். வீடு எங்கேயோ தூரத்தில்.

கோட்டுப் போட்டவர் ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "குடிக்குமா, குடிக்காதா என்று தெரியாமல் எப்படி விடுவது? இப்போதைக்குக் கம்பித் தட்டைப் போட்டுவிட்டு..." என்று தொடங்கினார். பெட்டையின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அப்போதுதான் தெருவின் அந்தப் பக்கத்தில் இருந்து வந்தார்கள். முன்னுக்குப் பூசைச் சாமான் கடை அக்கா, இடுப்பில் பித்தளைக் குடம். பின்னால் ஆர்ஜொந்தெய் சகோதரிகள், ஒபர்வில்லியேக் குடும்பம், புதுச்சேரிப் பெரியவர், வேதக்கார அம்மா. குடம், செம்பு, வாளி, தண்ணீர்ப் போத்தல். ஒருவர் குழந்தை குளிப்பாட்டுகிற பேசினையே கொண்டுவந்திருந்தார். கோட்டுப் போட்டவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். அவர்கள் வழி விடாவிட்டாலும் அக்கா நின்றிருக்க மாட்டா.

அக்கா தெருவோரம் குனிந்து குடத்தைச் சரித்தா. தண்ணீர் ஓடியது, தடுப்பைத் தொட்டது, உதட்டில் ஏறியது, நின்றது. ஒரு கணம் சத்தியமாக நின்றது. நான் "பிள்ளையாரே" என்று காதைப் பிடித்துக்கொண்டு அந்தத் தெருவிலேயே ஒரு தோப்புக்கரணம் போட்டேன். பிறகு தொண்டைக்குள் 'களக்' என்று ஒரு சத்தம். அடுத்த குடம், அடுத்த செம்பு, பேசின். கோரைகளுக்கு நடுவே கூழாங்கல்லில் தண்ணீர் மினுங்கி மேலே வந்தது. ஒரு சொட்டும் அக்காவின் வாசல் பக்கம் போகவில்லை.

பெட்டை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அக்காவின் கையில் இருந்து குடத்தை வாங்கி, அடியில் கிடந்த மிச்சத்தைத் தானே ஊற்றினாள். தோட்டத்துக்குப் பொறுப்பானவர் பொருந்தாத சாவியைத் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டு நின்றார். கம்பித் தட்டைப் பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஊருக்குப் புறப்படுகிற அன்று அவள் அந்த மஞ்சள் கறையின் மேல் ஒரு மஞ்சள் ஓடு பதித்தாள். உடம்பு முழுவதிலும் மஞ்சள் அந்த ஒன்றுதான். "இது உங்களுடையது, மிஸ்யூ" என்றாள். "நல்லது" என்றேன். என் மூன்று சொல்லில் ஒன்று.

மூன்று கிழமை கழித்துத்தான் உண்மையான மழை வந்தது. வேலை முடிந்து ஓடினேன். பாம்பு மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தது. குடையை மடக்கிவிட்டு, கைத்தொலைபேசியில் முழுவதையும் படம் எடுத்தேன். அன்று மாலை மகள் அதைக் கயானாவுக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. வாழ்த்து வரும், கண்ணீர்ப் படம் வரும் என்று நான் பார்த்திருந்தேன். மகள் வாசித்தாள்.

"தலைக்குப் பக்கத்தில் இருக்கிற முட்டை யாருடையது?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். உண்மைதான். ஓடுகிற தண்ணீர் படாத மேட்டில், ஒரு வெற்றிலை, அதன்மேல் பக்குவமாக ஒரு முட்டை. அந்த வெற்றிலைக்குக் கீழே விரித்திருந்த பூப்போட்ட கடதாசித் துண்டு எங்கள் குசினியில் இருப்பது. மகள் என்னைப் பார்த்தாள். நான் இல்லை என்று தலையாட்டினேன். இருவரும் குசினிப் பக்கம் திரும்பினோம். மனைவி அடுப்பைப் பார்த்தபடி நின்றாள்.

"பிள்ளைக்கு ஒரு கலியாணம் பேசவேணுமெல்லே" என்றாள், திரும்பாமலே. "வாய்க்குள்ளை வைக்கேல்லைத்தானே?"